பிக்கு, லாமா, போப், இமாம்: யார் யாருக்குச் சமம்?

பிக்கு, தேரர், லாமா, ரின்போச்சே என்பவை ஒரே பதவியின் வெவ்வேறு நாட்டுப் பெயர்களா, தலாய் லாமாவைப் பௌத்தர்களின் போப்பாண்டவர் என்று சொல்லலாமா, பூசாரியும் பாதிரியாரும் இமாமும் ரபியும் அடிப்படையில் ஒரே வேலையைத்தான் செய்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரில் சந்தித்தால் எப்படி அழைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் மூன்றுக்கும் 'இல்லை' என்பதுதான் பதில். ஏன் இல்லை என்று சொல்லத்தான் இடம் அதிகம் தேவைப்படுகிறது, அதுவும் பௌத்தத்துக்கு.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், கத்தோலிக்கத் திருச்சபையின் அமைப்பு நம் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. பங்குத்தந்தைக்கு மேல் ஆயர், எல்லாருக்கும் மேலே திருத்தந்தை. மற்ற மதங்களிலும் இப்படி ஒரு படிவரிசை இருக்கும், பெயர்தான் மாறும் என்று எடுத்துக்கொள்கிறோம். செய்தித்தாள்கள் வேறு 'மதகுரு' என்ற ஒரே சொல்லில் அத்தனை பேரையும் அடக்கிவிடுகின்றன. ஒரு பட்டத்தைக் கேள்விப்பட்டால் நான் இரண்டு விஷயங்களைத்தான் பார்ப்பேன். அதை அவருக்கு யார் கொடுத்தார்கள்? அந்தப் பட்டம் இல்லாதவரால் செய்ய முடியாத எதை அவர் செய்கிறார்?

பௌத்தத்திலிருந்து தொடங்கலாம். புத்தர் தமக்குப் பின் யாரையும் தலைவராக நியமிக்கவில்லை. கேட்டவருக்கும் மறுத்துவிட்டார். உங்களுக்கு வயதாகிவிட்டது, துறவியர் சங்கத்தை என்னிடம் ஒப்படையுங்கள் என்று சீடர் தேவதத்தர் கேட்டபோது, தலைமைச் சீடர்களான சாரிபுத்தருக்கும் மொக்கல்லானருக்குமே கொடுக்காததை உனக்கா கொடுப்பேன் என்று கடிந்துகொண்டதாகத் துறவியர் ஒழுங்குகளைக் கூறும் விநய பிடகம் சொல்கிறது. நான் போன பிறகு என் போதனையும் நான் வகுத்த ஒழுங்கும்தான் உங்களுக்கு ஆசான் என்று இறுதி நாட்களில் தம் அணுக்கச் சீடர் ஆனந்தரிடம் சொன்னார். அவர் மறைந்த பின் மகத நாட்டு அமைச்சர் வஸ்ஸகாரர் ஆனந்தரைச் சந்திக்கிறார். அரசு நடத்துகிறவருக்கே வரக்கூடிய சந்தேகம் அவருக்கு. புத்தர் உங்களுக்கென்று யாரையாவது நியமித்துவிட்டுப் போனாரா? இல்லை. சங்கமாவது கூடி ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறதா? அதுவும் இல்லை. அப்படியானால் புகலிடம் இல்லாமல் எப்படி ஒற்றுமையாக இருக்கிறீர்கள்? எங்களுக்குப் புகலிடம் உண்டு, தம்மமே, அதாவது புத்தரின் போதனையே, எங்கள் புகலிடம் என்கிறார் ஆனந்தர். பௌத்தத்தில் போப் ஏன் இல்லை என்பதற்கு இதைவிடப் பழைய விளக்கம் தேவையில்லை.

தலைவர் இல்லையே தவிர, வரிசை உண்டு. சிறுவயதிலேயே சங்கத்தில் சேர்பவர் சாமணேரர். பத்துச் சீலங்களை ஏற்று ஒரு மூத்த பிக்குவின் கீழ் இருப்பார். இருபது வயது நிறைந்த பின்தான் உபசம்பதா என்னும் முழுத் துறவு. அந்தச் சடங்கில் கேட்கப்படும் கேள்விகள் இன்றும் பழைய வடிவிலேயே இருக்கின்றன. நீ மனிதன்தானா? கடன் ஏதும் உண்டா? அரச சேவகத்தில் இருக்கிறாயா? பெற்றோர் அனுமதி தந்தார்களா? பாத்திரமும் சீவர ஆடைகளும் உன்னிடம் இருக்கின்றனவா? முதல் கேள்வி விளையாட்டில்லை. ஒரு நாகம் மனித வடிவெடுத்துத் துறவியான கதை விநயத்தில் இருக்கிறது. கேள்விகள் முடிந்ததும் கூடியிருக்கும் சங்கத்தின் முன் தீர்மானம் ஒரு முறையும் அறிவிப்பு மூன்று முறையும் சொல்லப்படும். எவரும் பேசாதிருந்தால் சம்மதம் என்று பொருள். ஆக, ஒருவரைப் பிக்கு ஆக்குவது தனியொரு குரு அல்லர். குறைந்தது பத்துப் பிக்குகள், பிக்குகள் அரிதான நாடுகளில் ஐந்து பேர், கூடிய சங்கம்.

அது முடிந்த உடனே நிழலை அளக்க வேண்டும் என்கிறது விநயம். வெயிலில் விழும் நிழலின் நீளத்தைக் கொண்டு அந்த நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். இப்போது கடிகாரம் அந்த வேலையைச் செய்கிறது. இவ்வளவு துல்லியம் ஏன் என்றால், பிக்குகளுக்குள் மூத்தவர் யார் என்பதை வயதோ படிப்போ குலமோ தீர்மானிப்பதில்லை. உபசம்பதா பெற்ற நேரம்தான் தீர்மானிக்கிறது. பிக்குகள் இருவர் சந்தித்தால் எத்தனை 'வஸ்ஸம்' என்று விசாரித்துக்கொள்வார்கள், அதாவது மாரிக்காலத்தில் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்குவதை எத்தனை முறை நிறைவேற்றியிருக்கிறீர்கள் என்று. முதல் ஐந்து ஆண்டுகள் ஓர் ஆசிரியரைச் சார்ந்தே வாழ வேண்டும். பத்து வஸ்ஸம் நிறைந்தவர் தேரர். அதன் பிறகே பிறருக்குத் துறவு கொடுக்கும் உபாத்தியாயராக முடியும். இருபது நிறைந்தால் மகாதேரர். இலங்கைச் செய்திகளில் துறவியர் எல்லாரையுமே 'தேரர்' என்று எழுதுவது மரியாதைக்காக.

இந்த வரிசை எவ்வளவு கறாரானது என்பதற்குச் சாக்கிய இளவரசர்களின் கதை போதும். அனுருத்தர், ஆனந்தர், பத்தியர் முதலானோர் துறவுக்குப் புறப்பட்டபோது, தங்கள் நாவிதர் உபாலியும் உடன் வந்தார். நாங்கள் செருக்கு மிகுந்தவர்கள், முதலில் இவருக்குத் துறவு கொடுங்கள், அப்போதுதான் இவரைக் கண்டு நாங்கள் எழுந்து வணங்க வேண்டியிருக்கும் என்று அவர்களே புத்தரிடம் கேட்டுக்கொண்டார்கள். அந்த உபாலிதான் பிற்பாடு, புத்தர் மறைந்த பின் பிக்குகள் கூடிய முதல் சங்க மாநாட்டில் விநயம் முழுவதையும் ஒப்புவித்தவர்.

சரி, பிக்கு செய்து மற்றவர் செய்ய முடியாதது என்ன? பரித்தம் என்னும் காப்பு மந்திரங்களை ஓதுவார், போதிப்பார், தானம் பெறுவார். ஆனால் இல்லறத்தாருக்கும் விடுதலைக்கும் இடையில் நிற்கும் தரகர் இல்லை அவர். திருமணம் செய்துவைப்பது அவர் கடமையில்லை. பாவமன்னிப்பு கொடுக்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. பௌத்தராவதற்குக்கூடப் பிக்குவின் அதிகாரம் கட்டாயமில்லை என்பதை அம்பேத்கர் நாக்பூரில் காட்டினார். 1956 அக்டோபர் 14 அன்று பர்மிய மூத்த பிக்கு சந்திரமணியிடம் மும்மணிச் சரணத்தையும் ஐந்து சீலங்களையும் ஏற்றுக்கொண்ட அவர், அடுத்து திரும்பி நின்று, லட்சக்கணக்கான மக்களுக்குத் தாமே அவற்றை வழங்கினார். தாம் வகுத்த 22 உறுதிமொழிகளையும் சேர்த்துக்கொண்டார். அப்போது அவர் சீவரம் அணியாத இல்லறத்தார்.

பிக்குவின் தனித்தன்மை அவர் ஏற்றிருக்கும் கட்டுப்பாடுகளில் இருக்கிறது. இலங்கை, தாய்லாந்து, மியான்மர் நாடுகளில் நிலவும் தேரவாத மரபின் விதித்தொகுப்பான பாதிமோக்கத்தில் 227 விதிகள். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கூடி ஓதுவார்கள். பாலுறவு, திருட்டு, மனிதக் கொலை, அடையாத ஞானநிலையை அடைந்துவிட்டதாகப் பொய் சொல்வது ஆகிய நான்கில் ஒன்றைச் செய்தவர் அந்தக் கணமே பிக்கு இல்லை. நான்காவதைக் கவனியுங்கள். முழு விடுதலை அடைந்த அரகந்தர், அந்தப் பாதையின் முதல் படியை எட்டிய சோதாபன்னர் என்பவை மனநிலையின் பெயர்கள், பதவிகள் கிடையாது. உண்மையிலேயே அடைந்திருந்தாலும் இல்லறத்தாரிடம் அதைச் சொல்லிக்கொள்வது பிக்குவுக்குக் குற்றம். தன்னை அரகந்தர் என்று விளம்பரம் செய்துகொள்ளும் எவரையும் நான் அடுத்த நொடியே சந்தேகப்படுவது இதனால்தான்.

இதெல்லாம் சங்கம் தானாகக் கொடுக்கும் நிலைகள். சங்கராசர், மகாநாயக்கர் போன்ற ஆளும் பதவிகளுக்கு வந்தால் கதை மாறுகிறது. அவற்றின் பின்னால் ஏறக்குறைய எப்போதும் ஓர் அரசனோ அரசாங்கமோ நிற்பதைப் பார்க்கலாம்.

இலங்கையை எடுத்துக்கொள்வோம். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே உபசம்பதா நடத்த ஐந்து முழுத் துறவிகள்கூட இல்லை. வெலிவிட்ட சரணங்கரர் அந்தக் காலத்தின் பெரிய அறிஞர். ஐம்பது வயதைக் கடந்தும் சாமணேரராகவே இருக்க நேர்ந்தது. கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) தூது அனுப்ப, அயுத்தியாவிலிருந்து உபாலி என்ற தேரர் தலைமையில் பிக்குகள் கப்பலேறி வந்தார்கள். 1753இல் துறவு மரபு மீண்டது. சரணங்கரருக்கு மன்னர் சங்கராசர் பட்டம் கொடுத்தார். அவருக்குப் பின் அந்தப் பட்டத்தை அங்கே யாரும் பெறவில்லை. இன்று, அப்படி உருவான சயாம் நிகாயம் என்னும் துறவியர் பிரிவின் மல்வத்து, அஸ்கிரிய பீடங்களுக்குத் தனித்தனி மகாநாயக்க தேரர்கள். அவர்களுக்கு அடுத்த நிலையில் அநுநாயக்கர்கள். சயாம் நிகாயம் ஒரே சாதியினருக்கு மட்டும் உபசம்பதா கொடுத்ததால், மற்றவர்கள் பர்மாவின் அமரபுரத்துக்குப் போய்த் துறவு பெற்று வந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமரபுர நிகாயத்தை நிறுவினார்கள். நாவிதருக்கு முதலிடம் கொடுத்த மரபில் இப்படியும் நடந்தது. 1864இல் ராமஞ்ஞ நிகாயம் வந்தது. அமரபுரமும் ராமஞ்ஞமும் 2019இல் இணைந்தன. ஒரு நிகாயத்தின் மகாநாயக்கர் இன்னொரு நிகாயத்துப் பிக்குவுக்கு உத்தரவிட முடியாது. ஆட்சியாளர்கள் பதவியேற்றதும் கண்டிக்குப் போய் மகாநாயக்கர்களிடம் ஆசி வாங்குவதைப் பார்த்து, அவர்கள் நாட்டின் எல்லாப் பிக்குகளுக்கும் தலைவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. புத்தரின் பல் வைக்கப்பட்டுள்ள கண்டி தலதா மாளிகையை நிர்வகிக்கும் தியவடன நிலமேயோ துறவியே இல்லை. பத்தாண்டுக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் இல்லறத்தார்.

தாய்லாந்தில் சங்கராசர் பதவி உயிரோடு இருக்கிறது. 1902இல் மன்னர் சுலாலங்கோர்ன் கொண்டுவந்த சட்டம் நாட்டின் சங்கத்தை ஓர் அரசுத் துறையின் சாயலில் ஒழுங்குபடுத்தியது. 2016 இறுதியில் சட்டம் திருத்தப்பட்டு, சங்கராசரை நியமிக்கும் அதிகாரம் முழுமையாக மன்னரிடம் போனது. அடுத்த ஆண்டே இருபதாவது சங்கராசர் நியமிக்கப்பட்டார். அங்கே ஆண்கள் சில வாரமோ ஒரு மாரிக்காலமோ துறவியாக இருந்துவிட்டு வீடு திரும்புவது சகஜம். சீவரத்தைக் களைவது அவமானமில்லை. ஆனால் பிறகு ஒருநாள் திரும்பி வந்தால் மூப்புக் கணக்கு முதலிலிருந்துதான் தொடங்கும். மியான்மரில் 1980இல் அரசு அமைத்த 47 பேர் கொண்ட மகாநாயக்கக் குழு ஒன்பது பிரிவுகளையும் மேற்பார்க்கிறது. அங்கே மூத்த துறவியை, மடத்தின் தலைவரை, 'சயாடோ' என்கிறார்கள்.

திபெத்தில் பட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை; குழப்பத்துக்கும் இல்லை. எல்லாத் திபெத்தியத் துறவிகளையும் லாமா என்பது தவறு. லாமா என்றால் குரு. சாதாரணத் துறவி லாமா அல்லர்; துறவியே இல்லாத, மனைவி மக்களோடு வாழும் லாமாக்களும் உண்டு. திபெத்திய மரபுகளில் ஒன்றான சாக்யா மரபின் தலைமை கோன் என்னும் குடும்பத்தில் பரம்பரையாக வருகிறது. படித்துப் பெறும் பட்டம் கெஷே. தலாய் லாமாக்கள் சேர்ந்த கெலுக் மரபில் பதினைந்து இருபது ஆண்டுப் படிப்புக்குப் பின் கிடைப்பது. மற்ற மரபுகளில் ஏறக்குறைய இதே இடத்தில் இருப்பது கென்போ. கெஷே தேர்வு வாதத்தில் நடக்கிறது. விடை சொல்பவர் தரையில் உட்கார்ந்திருப்பார். கேள்வி கேட்பவர் நின்றபடி, இடது காலை ஓங்கி மிதித்து, வலது உள்ளங்கையை இடது உள்ளங்கைமேல் பளீரென்று அறைந்து கேள்வியை வீசுவார். சுற்றி நூற்றுக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தடுமாறினால் கூட்டமே கூச்சலிடும்.

துல்கு என்பவர் முந்தைய ஒரு குருவின் மறுபிறவி என்று அடையாளம் காணப்பட்டவர். ரின்போச்சே என்பது துல்குகளுக்கும் பெருமதிப்புக்குரிய சில ஆசான்களுக்கும் சேர்க்கும் மரியாதைச் சொல். மறுபிறவியைத் தேடும் முறைக்கு இப்போதைய தலாய் லாமாவே சான்று. 1935இல் அம்தோ பகுதியின் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தேடி வந்த குழுவின் தலைவரான லாமா வேலைக்காரர் வேடத்தில் அந்த வீட்டுக்குள் போனார். அவர் கழுத்தில் இருந்தது மறைந்த பதின்மூன்றாம் தலாய் லாமாவின் செபமாலை. இரண்டு வயதுக் குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு தனக்கு வேண்டும் என்றது. பிறகு, அசலும் போலியுமாக வைத்த பொருள்களில் மறைந்தவருடையவற்றைச் சரியாக எடுத்ததாக வரலாறு. அந்தக் குழந்தை வளர்ந்து முழுத் துறவு பெற்றுப் பிக்கு ஆனார். 1959 தொடக்கத்தில் லாசாவில் வாதத் தேர்வில் வென்று கெஷே ஆனார். ஆக ஒரே மனிதரிடம் சங்கம் தந்த நிலை ஒன்று, படிப்பு தந்தது ஒன்று, மறுபிறவி என்ற அங்கீகாரம் தந்தது ஒன்று. தலாய் லாமா என்ற பட்டம் மட்டும் இந்த மூன்றிலும் சேராது. 1578இல் மங்கோலியத் தலைவர் அல்தான் கான், சோனம் கியாட்சோ என்ற கெலுக் குருவுக்குக் கொடுத்தது அது. அவருக்கு முந்தைய இரண்டு பிறவிகளுக்கும் பின்னோக்கிச் சூட்டியதால் அவர் மூன்றாமவர் ஆனார். 1642இல் இன்னொரு மங்கோலியரான குஷ்ரி கானின் படைபலத்தில் ஐந்தாமவர் திபெத்தின் ஆட்சியாளரானார்.

கெலுக் மரபின் தலைவராவது தலாய் லாமாதானா என்றால், முறைப்படி அதுவும் இல்லை. 1409இல் கெலுக் மரபின் மூலகுரு சோங்கபா நிறுவிய கண்டென் மடத்தின் அரியணையில் அமரும் கண்டென் திரிபாதான் தலைவர். ஏழாண்டுப் பதவி அது. மறுபிறவி பார்ப்பதில்லை, படிப்பிலும் மடப் பொறுப்புகளிலும் படிப்படியாக ஏறித்தான் அங்கே வர முடியும். ஏழை வீட்டுப் பையனும் வரலாம். இலங்கையின் தேரவாதியோ ஜப்பானின் ஜென் துறவியோ தலாய் லாமாவைப் போற்றலாம். அவர் சொல் அவர்களைக் கட்டுப்படுத்தாது. தம் அரசியல் பொறுப்புகளை 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் ஒப்படைத்துவிட்ட அவர், தமக்குப் பின்னும் இந்த மரபு தொடரும் என்றும், அடுத்த பிறவியை அடையாளம் காணும் உரிமை தமது காதென் போத்ராங் அறக்கட்டளைக்கே உண்டு என்றும் 2025 ஜூலையில் அறிவித்தார். சீன அரசு ஏற்கவில்லை. 1793இல் சீனாவின் சிங் வம்சப் பேரரசர் அனுப்பிய தங்கக் கலசத்தில் சீட்டுப் போட்டு எடுக்கும் முறையை அது காட்டுகிறது. யார் மறுபிறவி என்பது தத்துவக் கேள்வியாக இருந்தால் பெய்ஜிங் தலையிடாது. நாற்காலி யாருக்கு என்பதால்தான் தலையிடுகிறது.

ஜப்பான் வேறு வழியில் போனது. 13ஆம் நூற்றாண்டிலேயே ஷின்ரான் மணம் செய்துகொண்டு, துறவியும் இல்லை இல்லறத்தானும் இல்லை என்று தம்மைச் சொல்லிக்கொண்டார். அவர் வழிவந்த ஹொங்வான்ஜி மரபின் தலைமை இன்றும் அவர் வழித்தோன்றல்களிடம் இருக்கிறது. 1872இல் மெய்ஜி அரசு, துறவிகள் புலால் உண்பதும் மணப்பதும் முடி வளர்ப்பதும் அவரவர் விருப்பம் என்று ஆணையிட்டது. விளைவாக, பெரும்பாலான கோயில்கள் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகின்றன. ஈமச் சடங்கு அவர்களுடைய முக்கிய வேலை. ஜென் மரபில் மூத்த ஆசானை ரோஷி என்பார்கள்.

பெண் துறவியர் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. நாவிதர் உபாலியை இளவரசர்கள் வணங்கவைத்த அதே விநயத்தில், துறவு பெற்று நூறாண்டு ஆன பிக்குணியும் அன்று துறவு பெற்ற பிக்குவை வணங்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. பிக்குணி ஆவதற்குப் பிக்குகள், பிக்குணிகள் ஆகிய இரு சங்கங்களின் சம்மதமும் வேண்டும். பிக்குணிச் சங்கம் ஓரிடத்தில் அற்றுப்போனால் புதிதாக ஒருவரை ஆக்க வழியில்லை. தேரவாதத்தில் அதுதான் நடந்தது. இலங்கையில் 11ஆம் நூற்றாண்டு வாக்கில் மரபு அறுந்தது. ஆனால் 5ஆம் நூற்றாண்டிலேயே இலங்கைப் பிக்குணிகள் சீனாவுக்குக் கடல் கடந்துபோய் அங்கே மரபை ஊன்றியிருந்தார்கள். 1996இல் சாரநாத்திலும் 1998இல் புத்தகயாவிலும் கிழக்காசியப் பிக்குணிகளின் துணையோடு இலங்கைப் பெண்கள் மீண்டும் உபசம்பதா பெற்றார்கள். ஏற்காதவர்கள் இன்னும் நிறையப் பேர். தாய்லாந்தில் 1928இல் போட்ட தடை நீடிக்கிறது. வெள்ளையுடுத்திய 'மே சீ'க்களாகத்தான் பெரும்பாலான பெண்கள் துறவு வாழ்கிறார்கள். இமயத்தில் காற்று மாறுகிறது. 2016இல் இருபது பெண் துறவியர் 'கெஷேமா' பட்டம் பெற்றார்கள். 2022இல் பூட்டானின் தலைமைத் துறவி ஜே கென்போ 140க்கும் மேற்பட்ட பெண்களுக்கு முழுத் துறவு அளித்தார்.

இனி மற்ற மதங்கள். கத்தோலிக்கத்தில் பௌத்தத்துக்கு நேர் எதிரான நிலை. திருப்பலி நிறைவேற்றவும் பாவமன்னிப்பு வழங்கவும் குருவானவர் இருந்தே ஆக வேண்டும். அவர் இல்லாமல் அந்த அருளடையாளங்கள் இல்லை. (திருமுழுக்கு அப்படியில்லை, உயிர் போகும் அவசரத்தில் யாரும் கொடுக்கலாம்.) திருநிலைப்பாடு, அதாவது திருப்பணிக்கு உயர்த்தும் சடங்கு, மூன்றே படிகள்தாம்: திருத்தொண்டர், குரு, ஆயர். மற்றவை எல்லாம் பொறுப்புகளும் கௌரவங்களும். பேராயரும் திருநிலையால் ஆயரே. கர்தினால் என்பது திருத்தந்தை தரும் பொறுப்பு. எண்பது வயதுக்கு உட்பட்ட கர்தினால்கள்தாம் அடுத்த திருத்தந்தையைத் தேர்ந்தெடுப்பார்கள், மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு. 2025 மே மாதம் 133 பேர் கூடிப் பதினான்காம் லியோவைத் தேர்ந்தெடுத்தது அப்படித்தான். திருத்தந்தையின் அதிகாரமும் அவர் ரோமின் ஆயர் என்பதிலிருந்தே வருகிறது. தமிழில் ஒரு சிக்கல்: கத்தோலிக்கர் பேராயர் என்று ஆர்ச்பிஷப்பைச் சொல்கிறார்கள், தென்னிந்தியத் திருச்சபையினரோ பிஷப்பையே பேராயர் என்கிறார்கள்.

போப் என்ற பட்டம் ரோமுக்கு மட்டும் உரியதும் இல்லை. எகிப்தின் காப்டிக் திருச்சபைத் தலைவரும் போப்தான். அவரைத் தேர்ந்தெடுக்கும் முறையின் கடைசிக் கட்டம் வேடிக்கையானது. 2012 நவம்பரில், வாக்கெடுப்பில் எஞ்சிய மூவரின் பெயர்ச் சீட்டுகளை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, கண்கட்டிய சிறுவன் ஒருவனை எடுக்கச் சொன்னார்கள். வந்த பெயர் இரண்டாம் தவாத்ரோஸ். கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகளில் கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தை சமமானவர்களில் முதலாமவர், அவ்வளவே. உக்ரைன் விவகாரத்தில் 2018இல் மாஸ்கோ அவரோடு உறவையே முறித்துக்கொண்டது. அங்கே மணமானவர் குரு ஆகலாம், ஆயராக முடியாது. புராட்டஸ்டண்ட் சபைகளில் போதகருக்குத் தனி அருள்சக்தி கிடையாது. விசுவாசிகள் எல்லாரும் ஆசாரியர்களே என்பது லூத்தரின் வாதம். ஆங்கிலிக்கன் சபை இடையில் நிற்கிறது. ஆயர்களை வைத்துக்கொண்டது, போப்பை விட்டுவிட்டது. அதன் முதன்மைப் பதவியான கேன்டர்பரி பேராயராக 2025 அக்டோபரில் சாரா முல்லாலி என்ற பெண் அறிவிக்கப்பட்டார், வரலாற்றில் முதன்முறையாக.

இஸ்லாத்தில் திருநிலைப்பாடு என்பதே இல்லை. குர்ஆனை நன்றாக ஓதத் தெரிந்த முஸ்லிம் ஆண் யாரும் முன்னின்று தொழுகை நடத்தலாம். அந்த நேரத்துக்கு அவர் இமாம். பள்ளிவாசலில் சம்பளம் பெறும் இமாம் அதை முழுநேரப் பணியாகச் செய்பவர். பாங்கு சொல்பவர் மோதினார். மார்க்கக் கல்வி முடித்தவர் ஆலிம். முப்தியையும் காஜியையும் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். முப்தி கேட்பவருக்குச் சட்டக் கருத்து சொல்பவர், பத்வா என்பது அந்தக் கருத்துதான். காஜி தீர்ப்பு வழங்கும் நீதிபதி. முப்தியின் கருத்து பிடிக்கவில்லை என்றால் இன்னொரு முப்தியிடம் போகலாம், காஜியின் தீர்ப்பை அப்படி ஒதுக்க முடியாது. சன்னி முஸ்லிம்களுக்கு உலகத் தலைவர் என்று இருந்த கலீபா பதவியைத் துருக்கி 1924 மார்ச் 3 அன்று ஒழித்தது. ஷியாக்களிடம் இமாம் என்ற சொல்லின் எடையே வேறு. பெரும்பான்மை ஷியாக்களுக்கு இமாம்கள் என்றால் நபிகளின் குடும்பத்தைச் சேர்ந்த, பிழையற்ற வழிகாட்டிகள் பன்னிருவர். பன்னிரண்டாமவர் மறைந்திருப்பதால் அறிஞர்கள் அந்த இடத்தை நிரப்புகிறார்கள். அங்கே ஆயத்துல்லா பட்டத்தை எந்த அலுவலகமும் கொடுப்பதில்லை. ஈராக்கின் நஜஃபிலோ ஈரானின் கும் நகரிலோ பல்லாண்டு படித்துக் கற்பித்து, மாணவர்களும் சக அறிஞர்களும் ஒப்புக்கொள்ளக் கொள்ள வளர்வது அது. உச்சியில் இருப்பவர் மர்ஜா. எந்த மர்ஜாவைப் பின்பற்றுவது என்பது அந்தந்த விசுவாசியின் தேர்வு. ஷியாக்களின் இன்னொரு பிரிவான இஸ்மாயிலி நிசாரிகளுக்கோ இமாம் கண்முன் இருக்கிறார். 2025 பிப்ரவரியில் ஐந்தாம் ஆகா கான் ஐம்பதாவது இமாமாகப் பொறுப்பேற்றார்.

யூத மதத்தின் ரபியைப் பாதிரியாரோடு ஒப்பிடுவதைவிட முப்தியோடு ஒப்பிடுவது பொருந்தும். மறைச் சட்டம் கற்றவர், ஐயம் தீர்ப்பவர். வயது வந்த பத்துப் பேர் கூடினால் ரபி இல்லாமலே முழு வழிபாடு நடக்கும். பூசாரி என்றால் கோஹன் குலத்தார், பிறப்பால் வருவது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்ததோடு பலியிடும் பணி போய்விட்டது, குலமும் சில மரியாதைகளும் மிஞ்சின.

இந்து சமயம் பற்றித் தமிழருக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. அர்ச்சகர் வேறு, புரோகிதர் வேறு, மடாதிபதி வேறு என்பது ஒன்றே முக்கியம். கருவறையில் பூசை செய்பவர் பெரும்பாலும் இல்லறத்தார். மடத்தின் தலைவர் துறவி, தீட்சையும் உபதேசமும் தருபவர். உடுப்பி விதிவிலக்கு. அங்கே எட்டு மடங்களின் துறவிகள் இரண்டாண்டுக்கு ஒருவராக முறைவைத்துக் கிருஷ்ணனுக்குப் பூசை செய்கிறார்கள். சங்கராச்சாரியாரை இந்துக்களின் போப் என்பது தலாய் லாமா ஒப்பீட்டைவிட மோசமான ஒப்பீடு. சைவ ஆதீனத்தையோ வைணவ ஜீயரையோ அவர் வார்த்தை கட்டுப்படுத்தாது.

சமணர் தங்கள் படிநிலையை அன்றாட வணக்க மந்திரத்திலேயே வைத்திருக்கிறார்கள்: அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள். முதல் இரண்டும் அடைந்த நிலைகள்; பின் மூன்றும் வாழும் துறவியர். சீக்கியத்தில் குரு கோபிந்த் சிங் 1708இல் மறைந்தபின் மனிதக் குரு கிடையாது. குரு கிரந்த் சாகிப் என்ற நூலே குரு. அதை வாசித்துப் பராமரிப்பவர் கிரந்தி. சீக்கியரின் உயர் பீடமான அகால் தக்தின் தலைவர் ஜதேதார், சமூகத்தின் சார்பில் உத்தரவு பிறப்பிக்கலாம், தவறியவர்களை அழைத்துப் பரிகாரம் விதிக்கலாம், ஆனால் குரு ஆகிவிட மாட்டார். பஹாய்கள் குருமார் வர்க்கத்தையே வேண்டாம் என்றுவிட்டார்கள். ஹைஃபாவில் உள்ள ஒன்பது பேர் சபை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறது. வேட்புமனுவும் இல்லை, பிரசாரமும் இல்லை.

அழைக்கும் முறைக்கு வருகிறேன். தேரவாதப் பிக்கு எந்த நாட்டவராக இருந்தாலும் 'பந்தே' என்றால் சரியாக இருக்கும். தாய்லாந்து ஆசான்களை 'அஜான்' என்றும், பர்மியரை 'சயாடோ' என்றும் சொல்லலாம். தாய்லாந்தில் பெண்கள் பிக்குவிடம் பொருளைக் கையில் கொடுக்காமல், அவர் விரிக்கும் துணியிலோ மேசையிலோ வைப்பது முறை. திபெத்தியரில் பட்டம் தெரிந்தால் ரின்போச்சே, கெஷே-லா. தெரியாவிட்டால் பெயரோடு 'லா' சேர்த்தாலே மரியாதைதான். கத்தோலிக்க ஆயருக்கு 'ஆண்டகை', குருவுக்கு 'ஃபாதர்'. ஆலிமை 'ஹஜ்ரத்' என்பார்கள். யூதரிடம் 'ரபி' போதும். ஆதீனத் தலைவரைச் 'சந்நிதானம்' என்பது வழக்கு. ஐயம் இருந்தால் உடன் இருப்பவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்காக யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.